ஹனா மெஸ்ஸும் தணிகை காபி பாரும்

ஜூலை 7, ஞாயிறு

ஜப்பான்காரர்கள் சாப்பிடுவதை இன்று நானும் சாப்பிட்டுவிட்டேன். பெரிய ஓட்டலில் இல்லை. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, டயர் கடைக்கு மேல் மாடியில் ஹனா மெஸ். போர்டிலேயே மெஸ் என்றுதான் எழுதியிருக்கிறது. கீழே ரப்பர் கருகும் நாற்றம், மேலே சோயா சாஸ் வாசனை. நூற்றைம்பது ரூபாய்க்கு வயிறு நிறைகிறது.

நடத்துவது ஜோஸ்பின் அக்கா. முன்பு ஏதோ ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் ஜப்பான் அதிகாரிகளுக்குச் சமைத்தவர். கெஸ்ட் ஹவுஸை மூடியதும் பாத்திரங்களை விலைக்கு வாங்கி இங்கே வந்து அடுப்பு மூட்டிவிட்டார். மிசோ சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"மூஞ்சிய ஏம்மா அப்படி வச்சிருக்க? ரசம்னு நினைச்சுக் குடி. புளி போட மறந்துட்டாங்கன்னு வச்சுக்கோ."

கருவாடு கழுவிய தண்ணீர் போல இருந்தது. நாலாவது வாயில் பிடித்துவிட்டது. கரி ரைஸ் என்பது நம் குருமாவிலிருந்து காரத்தையும் கோபத்தையும் எடுத்துவிட்டுக் கொஞ்சம் சர்க்கரை போட்டது. மேலே மொறுமொறு என்று பொரித்த கோழி.

நவநீதன்தான் கூட்டிப்போனான். கம்பெனியில் அவன் எனக்கு சார். நிரந்தர வேலை, நீலச் சட்டை. நான் தரப் பரிசோதனையில் கான்ட்ராக்ட், சாம்பல் சட்டை. ஒரே கேன்டீனில் எங்களுக்குத் தனி வரிசை. வெளியே வந்தால் அவன் நவநீ, நான் மித்ரா. சங்கமித்ரா என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் நீளம் என்று அவன்தான் வெட்டினான். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவனை நகோயாவுக்கு அனுப்புகிறார்கள். போவதற்கு முன் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுவான். அப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ். வாக்குக் கொடுத்திருக்கிறான்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு மேஜை. அங்கேதான் உட்கார்ந்தோம். அந்தக் குச்சிகளைப் பிடிக்க அவன் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கற்றுக்கொடுத்தான். இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் அவன் என் கையைத் தொட்டதில்லை. ஜப்பான் சாப்பாடு மனுஷனை மாற்றிவிடுகிறது.

ஜூலை 10, புதன்

ஓவர்டைம். கால் வீக்கம். அவன் வரிசையைத் தாண்டிப் போனான், பார்க்கவில்லை. வேலை நேரத்தில் பார்க்கக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஜூலை 14, ஞாயிறு

மறுபடி ஹனா மெஸ். இன்று முட்டைக்கோஸ் அடை. அதற்கு ஒரு நீண்ட ஜப்பான் பெயர் உண்டு; ஜோஸ்பின் அக்காவே அடை என்றுதான் சொல்கிறார். மேலே மயோனிஸைக் கோலம் மாதிரி போட்டுத் தருகிறார்.

அறைத்தோழி ரெஜினா தூத்துக்குடிக்காரி. வாயை மூட மாட்டாள். கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னட்டி, திரும்பவும் அந்த வேகாத மீன் கடைக்கா? ஒனக்கு ஒரு பரோட்டா வாங்கித்தர அவனுக்கு மனசு வரலியா?"

"வேகாத மீன் இல்லை. அடை."

"அடை திங்க ஜப்பானுக்கு எதுக்குட்டி போற? கூட்ரோட்டுல அந்தத் தணிகை காபி பார் இருக்கே, அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லு. ஒரகடமே அங்கதான் நிக்கி. காபின்னா அது காபி."

இதை அவனிடம் சொன்னேன். அங்கே காபி நன்றாக இருக்காது, பாலில் தண்ணீர், கூட்டம் வேறு, லாரி டிரைவர்கள் முறைப்பார்கள் என்றான். சரிதான். கண்ட கூட்டத்தில் என்னை உட்கார வைக்க அவனுக்கு இஷ்டமில்லை. ரெஜினாவுக்கு இதெல்லாம் புரியாது. அவளுடைய ஆளாக இருந்தால் டாஸ்மாக் வாசலில்கூட நிறுத்திவைப்பான்.

அவன் முதலில் இறங்கிப் போனான். கொஞ்ச நேரம் கழித்து நான்.

ஜூலை 18, வியாழன்

வீட்டில் எப்போது சொல்லப் போகிறாய் என்று போனில் கேட்டேன்.

"ஆடி பொறந்துடுச்சு மித்ரா. ஆடியில எங்க வீட்ல நல்ல பேச்சு எதுவும் எடுக்கமாட்டாங்க. அம்மா ரொம்பப் பார்ப்பாங்க. ஆவணி பொறக்கட்டும்."

"எங்க வீட்ல ஆடியிலதான் என் அக்கா கல்யாணத்தையே பேசி முடிச்சாங்க. ஒண்ணும் ஆகலயே."

"உங்க வீடு வேற."

எங்கள் வீடு வேறுதான். அப்பா ஆடி அமாவாசை எதையும் பார்க்க மாட்டார். அவன் அம்மா பார்க்கிறார். ஒரு மாதம்தானே.

ஜூலை 28, ஞாயிறு

அவன் வரவில்லை. வீட்டில் ஏதோ வேலை என்றான். எனக்கு ஹாஸ்டலில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு கான்ட்ராக்ட் பெண்ணை வியாழக்கிழமை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதக் கர்ப்பம். ஒரு காகிதம்கூடத் தரவில்லை. தமிழ்நாட்டு ஆள் நிறுத்தச் சொல்கிறான், ஜப்பான்காரன் குனிந்து வணங்கிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான். இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று நடந்து நடந்து தணிகை காபி பாருக்கே வந்துவிட்டேன்.

ரெஜினா பொய் சொல்லவில்லை. செம்பு பாய்லர், பித்தளை டபரா, ஓரத்தில் நுரை. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி டிரைவர் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். யாரும் முறைக்கவில்லை.

அவன் என்றைக்கோ ஒரு மோசமான நாளில் குடித்திருப்பான்.

கடைக்காரர் தணிகாசலம், நெற்றியில் விபூதி, கலகலப்பான மனுஷர். "புதுசா இருக்கியேம்மா, கம்பெனி பொண்ணா? சர்க்கரை போதுமா?" என்று கேட்டார். இந்த ஊரில் யாரும் என்னிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டு நாளாகிவிட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் அவன் வரவில்லை. இன்றும் காபி.

தணிகாசலம் நான் எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அங்கதான் எங்க அண்ணன் பையன் இன்ஜினியரா இருக்கான். நவநீதன்னு. ஜப்பானுக்கு அனுப்புறாங்க. தெரியுமா?"

டபராவைக் கீழே வைத்தேன். "பார்த்திருக்கேன்" என்றேன்.

"அங்க போனா என்னத்தைத் திம்பான்னு எங்க அண்ணிக்கு ஒரே கவலை. இங்கயே எங்கயாவது ஜப்பான் சாப்பாடு கிடைக்குமாம்மா? வீட்ல எல்லாரும் ஒருவாட்டி போய்ச் சாப்பிட்டுப் பார்க்கணும்னு சொல்றாங்க."

"ஹனா மெஸ்னு ஒண்ணு இருக்குங்க. டயர் கடைக்கு மேல."

"டயர் கடை மேலயா? அங்க கடை இருக்கிறதே தெரியாதே! காலங்காலமா இந்த ரோட்டுலதான் கிடக்கேன்."

அறைக்கு வந்தும் யோசித்துக்கொண்டே இருந்தேன். சித்தப்பா கடை என்று அவன் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அவன் வீட்டார் எல்லாரும் அங்கே சாப்பிடப் போகிறார்கள். நாங்கள் உட்காரும் இடத்தில் அவன் அம்மா உட்காருவார். பேச்சை எடுக்க அவன் இடம் தயார் செய்கிறான் போலிருக்கிறது.

ரெஜினாவிடம் சொன்னேன். அவள் என் துணிகளையும் சேர்த்துத் துவைக்க எடுத்துப்போனாள். அவள் சும்மா இருந்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் காபி பாரில் தணிகாசலம் பேச்சுவாக்கில் ஆரம்பித்தார்.

"சொந்த ஊரு எதும்மா?"

"அரக்கோணம் பக்கம்ங்க."

"அரக்கோணம் பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்க எங்க சகலை வீடு இருக்கே. பெருமாள் கோயில் தெரு. நீ ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். சிலர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று சொல்லித் தப்பிப்பார்கள். எனக்கு அது வராது.

"காலனிங்க."

"ஓ" என்றார். சிரிப்பு போகவில்லை. "படிச்சு முன்னுக்கு வர்றீங்க, நல்லதுதான்" என்றார். இரண்டாவது காபி கேட்டேன். பேப்பர் கப்பில் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் டபராவில் ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் பார்சல் கேக்கலையே."

"டபரா எல்லாம் கழுவக் கிடக்கும்மா."

அவருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த டபராக்கள் வரிசையாகப் பளபளத்தன. குடிக்காமல் வைத்துவிட்டுக் காசை மேஜையில் போட்டுவிட்டு வந்தேன்.

போனில் நவநீயிடம் சொன்னேன். கத்தினேன் என்றே சொல்லலாம்.

"அங்க எதுக்குப் போன?" என்றான். முதல் வார்த்தை அதுதான்.

"அது உன் சித்தப்பா கடை. நீ என்கிட்ட சொல்லல."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்றான்.

"இல்லை."

அவன் மூச்சு விட்டது கேட்டது. "பெரியவங்க அப்படித்தான் மித்ரா. பழகிப்போச்சு. மனசுல ஒண்ணும் இருக்காது. நீதான் ஸ்டேஷன் பக்கம்னு சொல்லியிருக்கலாமே."

அவன் வளர்ந்த வீடு அது. அவன் அப்படியில்லை. நான் அவனிடம் கத்தியிருக்கக்கூடாது.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்றும் வர முடியாது என்று காலையில் செய்தி அனுப்பியிருந்தான். எனக்கு அந்தக் கரி ரைஸ் வேண்டும் போலிருந்தது. தனியாக ஹனா மெஸ் போனேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வேறு ஒரு ஜோடி இருந்ததால் நடு மேஜையில் உட்கார்ந்தேன். பாதி சாப்பிட்டிருப்பேன், படிக்கட்டில் கூட்டமாகக் காலடிச் சத்தம். பட்டுப் புடவைகள். தணிகாசலம், அவர் மனைவி, இன்னொரு பெரியம்மா, ஒரு வயதான தம்பதி, மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண். கடைசியாக நவநீதன்.

என்னைப் பார்த்தான். முகம் எப்படி மாறியது என்று எழுத நினைத்தேன். மாறவில்லை. அதுதான்.

தணிகாசலம் என்னைக் கண்டுகொண்டார். "இந்தப் பொண்ணுதான் கடையைச் சொல்லுச்சு! நம்ம நவநீ கம்பெனி. ஏண்டா, தெரியும்ல?"

"தெரியும் சித்தப்பா. க்யூசில இருக்காங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றான்.

"நல்லா இருக்கேன் சார்" என்றேன்.

அந்தப் பெரியம்மா அவன் அம்மா. மல்லிகைப்பூ பெண்ணின் பெயர் பவித்ரா. ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறார்கள். பேசி முடித்தாயிற்று, இந்த மாதமே நிச்சயம், தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவான். அங்கே போய் இந்தச் சாப்பாட்டைப் பெண்ணால் சாப்பிட முடியுமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவன் அம்மா ஜோஸ்பின் அக்காவிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோஸ்பின் அக்கா தட்டுடன் நின்றார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். போன மாதம்தான் எங்கள் இருவருக்கும் ஒரே மேஜையில் பரிமாறியவர். ஒரு நொடிதான். அவனிடம் திரும்பி, "தம்பி இந்த மாதிரி சாப்பாடு முதல்தடவையா? காரம் கம்மியா போடட்டுமா?" என்றார்.

"ஆமாங்க, முதல்தடவை" என்றான்.

பவித்ராவுக்குக் குச்சி பிடிக்க வரவில்லை. நூடுல்ஸ் நழுவி நழுவிப் புடவையில் விழுந்தது. அவள் அப்பா, "கையாலயே சாப்பிடும்மா, ஜப்பான்ல யாரு பார்க்கப் போறா" என்று சிரித்தார். அவள் கண் கலங்கிவிட்டது. அவன் அம்மா என்னைப் பார்த்தார். குச்சியால் கோழித் துண்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"நீ நல்லா புடிக்கிறியேம்மா. இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடேன். எங்கே கத்துக்கிட்ட?"

அவன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். வைத்தான்.

எழுந்து போனேன். பவித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். கை ஜில்லென்று இருந்தது. "கீழே இருக்கிறது அசையக்கூடாது. மேலே இருக்கிறதை மட்டும் அசைங்க" என்றேன். இரண்டாவது முயற்சியில் ஒரு துண்டு கேரட் ஏறியது. அவள் சிரித்தாள். "தேங்க்ஸ் கா. நான் அங்க போய் அழுவேன்னு நினைச்சேன்" என்றாள் காதோரமாக. நல்ல பெண். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஒரு வருஷமாக கேன்டீன் வரிசைக்காக ஹெச்.ஆரிடம் சண்டை போடுகிறவள் நான். வாய் திறக்கவில்லை. எதனால் என்று இப்போது எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

வேலைக்குப் போனேன். நாள் முழுக்கப் பேரிங்குகளைச் சோதித்தேன். ஒரு பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் ஏன் என்றார். கீறல் இருக்கிறது என்றேன். இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஷிப்ட் முடிந்ததும் ஜோஸ்பின் அக்காவைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான். கடையில் யாரும் இல்லை. முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"முதல்தடவையான்னு கேட்டீங்களே அக்கா. எப்படி வந்துச்சு வாய்?"

கத்தியை நிறுத்தவில்லை. "அதுதாம்மா என் தொழில்."

"சமைக்கிறதுதானே தொழில்?"

"உட்காரு. என் கடைக்கு ஜப்பான்காரங்க எத்தனை பேர் வர்றாங்கன்னு நினைக்கிற? விரல் விட்டு எண்ணலாம். அவங்களுக்குப் பெரிய ஓட்டல் இருக்கு. இங்க வர்றது பூரா உங்கள மாதிரி. ஒருத்தர் நீலச் சட்டை, ஒருத்தர் சாம்பல். ஒருத்தருக்கு ஊர்ல வீடு, ஒருத்தருக்குக் காலனி. ஒருத்தர் கோயிலு, ஒருத்தர் பள்ளிவாசல். இந்த ரோட்டுல பரோட்டா கடைக்குப் போனா மாமன் இருப்பான், டீக்கடைக்குப் போனா சித்தப்பன் இருப்பான். இங்க எவன் சொந்தக்காரன் மிசோ சூப் குடிக்க வரப் போறான்? அதான் ஃபிரிட்ஜை இழுத்துக் குறுக்கே வச்சேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்மா. வர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் தெரியும்." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு நிஜமாவே இந்தச் சாப்பாடு புடிச்சுதா?"

பிடித்தது என்றேன். அழுதுவிட்டேன். அவர் வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார், அடுப்படிக்கு யாராவது வந்தால் சொல்லிக்கொள்ள.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினோரு மிஸ்டு கால். எடுக்கவில்லை. ரெஜினா போனை வாங்கி, "அவ செத்துட்டாள்னு சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்று நிச்சயதார்த்தமாம். கம்பெனியில் நீலச் சட்டைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள்.

மாலை அவனிடமிருந்து செய்தி. அம்மாவுக்கு பிரஷர், வேறு வழியில்லை, மனசு முழுக்க நீதான், அங்கே போய் ஒரு வருஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்கிறேன், போவதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், சனிக்கிழமை ஹனா மெஸ்.

பதில் போட்டேன். ஹனா மெஸ் வேண்டாம். சனி மாலை ஆறு மணி, உன் சித்தப்பா கடை. என் எதிரில் உட்கார்ந்து ஒரு காபி குடி. ஒன்றும் பேச வேண்டாம். யாரிடமும் எதையும் சொல்லவும் வேண்டாம். உட்கார்ந்து குடித்தால் போதும், நீ சொல்வதையெல்லாம் நம்புகிறேன்.

நீண்ட நேரம் கழித்து "ட்ரை பண்றேன்" என்று வந்தது.

இப்படி ஒரு சலுகை கொடுக்க வெட்கமாக இல்லையா என்று ரெஜினா கேட்டாள். நிச்சயம் முடிந்தவனிடம் இன்னும் என்னட்டி மிச்சம் என்றாள். நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

ஆறு மணிக்கு முன்பே போய்விட்டேன். ரோட்டைப் பார்த்த மேஜை. தணிகாசலம் நல்ல குஷியில் இருந்தார். வந்த எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றை வாழையிலைத் துண்டில் வைத்து நகர்த்தினார்.

"நம்ம பையன் நிச்சயதார்த்த லட்டும்மா. அன்னைக்கு நீ கத்துக்கொடுத்ததை அந்தப் பொண்ணு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கு."

காபி வந்தது. தொடவில்லை. எதிர் நாற்காலியின் மேல் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். ஒருவர் கேட்டதற்கு ஆள் வருகிறது என்றேன். அவர் நின்றபடியே குடித்தார்.

அவன் வந்தான். எதிர்ப்பக்கம், மருந்துக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடி இறக்கியிருந்தது. ஆனாலும் அவன் என்னைத்தான் பார்க்கிறான் என்று தெரிந்தது. நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தணிகாசலம்தான் கண்டுபிடித்தார். கல்லாவிலிருந்து கையை ஆட்டினார்.

"டேய் நவநீ! அங்க என்னடா நிக்கிற? வாடா, ஒரு காபி சாப்பிட்டுப் போ!"

அவன் கையை உயர்த்தினான். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான், நேரமில்லை என்று. "அவசரம் சித்தப்பா!" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் அமுங்கி வந்தது. வண்டியைத் திருப்பினான். வாலாஜாபாத் பக்கம் போனான்.

"கல்யாணக் களை. ஒரு இடத்துல நிக்கமாட்டேங்கிறான்" என்று தணிகாசலம் என்னிடம் சொன்னார். பிறகு காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். "யாருக்காவது காத்திருக்கியாம்மா?"

"இல்லைங்க" என்றேன். "எடுத்துக்கோங்க."

நின்றபடி குடித்துக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தார்.

ரெஜினாவிடம், அவன் வரவே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனைத் திட்ட இன்றைக்கு நிறைய வார்த்தைகள் இருக்கின்றன, அவன் சாதியை, அவன் அம்மாவின் பிரஷரை, இந்த ரோட்டை. எல்லாவற்றையும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வண்டிச் சத்தம் கேட்டதும், அது எதிர்ப்பக்கம் நின்றதைப் பார்ப்பதற்கு முன்னால், என் கை தானாகப் போய்க் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது.